சோளகத்துக்கு எதிரே ஏழு பேர்: ஒரு கல்லூரி பிரிஸ்பீ அணியின் தடுப்பாட்டம்

"ஆர் விட்டது?"

எதிரணி கோல் போட்டதும் எங்கள் பக்கத்தில் முதலில் எழும் கேள்வி இது. அன்றைக்கும் எழுந்தது. ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, யாழ்ப்பாண முற்றவெளி, பின்னேரம் நாலு மணி. கொழும்பிலிருந்து வந்த அணி ஒன்றோடு நட்பு ஆட்டம். கடல்நீரேரிப் பக்கமிருந்து சோளகக் காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவர்களுடைய வீராங்கனை கோல் போடும் இடமான எண்ட்ஸோனின் மூலையில் பிரிஸ்பீத் தட்டைப் பிடித்தபோது, அவளைக் காக்க வேண்டிய எங்கள் இரண்டாம் வருட மாணவி நாலடி பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தாள். எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அவள் இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றாள். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பட்டது.

15க்கு 6 என்று தோற்றோம்.

அன்றிரவு, எல்லைக்கோட்டில் நின்ற ஒருவன் கைபேசியில் எடுத்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அந்தப் பிள்ளை ஓடத் தொடங்கும்போதே விஷயம் முடிந்துவிட்டிருந்தது. அதற்கு இரண்டு பாஸ் முன்னதாக, தட்டு வைத்திருந்தவனை மறித்து நின்ற எங்கள் ஆள், அணியிலேயே நல்ல ஓட்டக்காரன், விடக்கூடாத பக்கத்தால் ஒரு பாஸை விட்டிருந்தான். அதோடு மற்ற ஆறு பேரும் பிழையான பக்கத்தில் நிற்பவர்களாகிவிட்டார்கள். மூலையில் நின்றவளுக்கு ஒலிம்பிக் கால்கள் இருந்திருந்தாலும் எட்டியிருக்காது.

ஆனியிலிருந்து ஆவணி முடியும்வரை அந்த இரண்டு பாஸைத்தான் நாங்கள் துரத்தினோம்.

அணியும் மைதானமும்

யாழ்ப்பாணத்தில் ஓர் உயர்கல்விக் கல்லூரி. பெயர் இங்கே தேவையில்லை. ஆணும் பெண்ணும் கலந்து ஆடும் அணி. பட்டியலில் இருபது பேர். பயிற்சிக்குப் பன்னிரண்டு பேர் வந்தால் அன்றைக்கு எனக்குத் திருவிழா. கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் இந்த ஆட்டத்தைப் பழகியவன் நான். ஊருக்குத் திரும்பியபின் செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்து நேரே மைதானத்துக்குப் போய்விடுவேன். நாலரைக்குத் தொடங்கினால் ஆறரைக்குத் தட்டு கண்ணுக்குத் தெரியாது. கிடைக்கிற நேரம் அவ்வளவுதான்.

தட்டு என்றுதான் பெடியள் சொல்கிறார்கள். 'டிஸ்க்' என்று ஆறு மாதம் திருத்திப் பார்த்தேன். பிறகு நானும் தட்டு என்றே சொல்லத் தொடங்கிவிட்டேன். 175 கிராம் எடை, ஏறக்குறைய 27 சென்ரிமீற்றர் அகலம்.

அல்டிமேட் பிரிஸ்பீ என்ற இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பக்கத்துக்கு ஏழு பேர். முழு மைதானம் 100 மீற்றர் நீளம், 37 மீற்றர் அகலம். அதில் இரண்டு முனையிலும் 18 மீற்றர் எண்ட்ஸோன். அதற்குள் தன் அணி எறிந்த தட்டைப் பிடித்தால் ஒரு கோல். தட்டை வைத்திருப்பவர் ஓட முடியாது. ஒரு காலை ஊன்றிக்கொண்டு மற்றக் காலை எடுத்து வைத்துத் திரும்பலாம். அவரை மறித்து நிற்பவருக்கு மார்க் என்று பெயர். மார்க் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுவார். 'பத்து' என்று வாயெடுக்குமுன் தட்டு கையை விட்டுப் போயிருக்க வேண்டும். நிலத்தில் விழுந்தாலோ வெளியே போனாலோ தட்டு மற்றப் பக்கத்துக்கு. நடுவர் கிடையாது. பிழை நடந்தால் ஆடுபவரே கூப்பிட்டுச் சொல்லி, ஆடுபவரே கதைத்துத் தீர்க்க வேண்டும்.

1968இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் பாடசாலைப் பிள்ளைகள் தொடங்கிய ஆட்டம் இது. 1972 நவம்பர் 6ஆம் திகதி ரட்கர்ஸ், பிரின்ஸ்ரன் என்ற இரண்டு பல்கலைக்கழகங்கள் முதன்முதலாக மோதின. ரட்கர்ஸ் 29, பிரின்ஸ்ரன் 27. இரண்டு பேரும் சேர்ந்து 56 கோல் என்றால் அன்றைக்குத் தடுத்தது யார் என்று எங்கள் பெடியன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான்.

எங்களுக்கு முழு மைதானம் ஒருநாளும் கிடைத்ததில்லை. ஒரு பக்கம் கிரிக்கெட் பிட்ச், மறுபக்கம் உதைபந்தாட்டக்காரர். நடுவில் மிஞ்சும் துண்டில் மண் நிரப்பிய தண்ணிப் போத்தல்களை வைத்து எல்லை போடுவோம். அகலம் சரியாக வரும், நீளம் வராது. குட்டை மைதானத்தில் பழகியவர்கள் முற்றவெளிக்குப் போனதும் தங்களுக்குப் பின்னால் எவ்வளவு இடம் கிடக்கிறது என்பதை மறந்துவிட்டார்கள். ஆனி மாதத் தோல்விக்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அதைச் சொல்லித் தப்ப நான் விரும்பவில்லை.

பெண் பிள்ளைகளில் அநேகம் பேர் பாடசாலைக் காலத்தில் வலைப்பந்து ஆடியவர்கள். இலங்கை அணிக்கு வலைப்பந்து ஆடிய தர்ஜினி சிவலிங்கத்தைப் பார்த்து வளர்ந்த ஊர் அல்லவா. பந்தோடு ஓடக்கூடாது, ஒரு காலை ஊன்ற வேண்டும், பந்து வைத்திருப்பவரிடமிருந்து தள்ளி நின்று தடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே தண்ணிபட்ட பாடு. பெடியளில் பாதிப் பேர் உதைபந்தாட்டக்காரர். பந்தைக் கண்டால் காலை விடுகிற பழக்கம் தட்டைக் கண்டால் கையை விடுகிற பழக்கமாக மாறியிருந்தது. பிரச்சினை அங்கேதான் இருந்தது என்பது எனக்கு உடனே விளங்கவில்லை.

எங்கே உடைந்தது

37 மீற்றர் அகலத்தை ஒருவர் மறிக்க முடியாது. ஆகவே மார்க் ஒரு பக்கத்தைப் பூட்டிவிட்டு மறுபக்கத்தைத் திறந்து விடுவார். இதற்கு ஃபோர்ஸ் என்று பெயர். அவருக்குப் பின்னால் இருக்கிற ஆறு பேரும் பூட்டிய பக்கத்தை மறந்துவிட்டுத் திறந்த பக்கத்தில் நின்று காப்பார்கள். மார்க்கை நம்பித்தான் அவர்கள் அங்கே நிற்கிறார்கள். பூட்டு உடைந்தால் ஆறு பேரின் கணக்கும் ஒரே நேரத்தில் பிழையாகிவிடும்.

எந்தப் பக்கம் திறப்பது என்பதை எங்கள் மைதானத்தில் 'மதில்', 'றோட்டு' என்று சொல்வோம். மேற்கே மதில், கிழக்கே றோட்டு. "மதில், மதில்!" என்று கப்டன் கத்தினால் தட்டு மதில் பக்கம் மட்டும்தான் போக வேண்டும். இடது, வலது என்றால் திரும்பி நிற்கும்போது குழம்பிவிடும். மதில் எங்கும் ஓடாது.

அடுத்த செவ்வாய் கணுக்கால் சுளுக்கோடு வந்த மூன்றாம் வருட மாணவி ஒருத்தியிடம் சி.ஆர். கொப்பி ஒன்றைக் கொடுத்து எல்லைக்கோட்டில் இருத்தினேன். ஒவ்வொரு கோலுக்கும் பிடித்தவர் பெயரையோ விட்டவர் பெயரையோ எழுத வேண்டாம். அங்கிருந்து இரண்டு பாஸ் பின்னுக்குப் போய் அங்கே என்ன நடந்தது என்று மட்டும் எழுது என்றேன். அவள் தன் பாட்டில் மூன்று பிரிவு வைத்துக்கொண்டாள்: 'மார்க் உடைஞ்சது', 'ஒருத்தரும் கதைக்கேல்லை', 'உண்மையா ஓட்டத்திலை விட்டது'. மூன்று கிழமை போன பிறகு கொப்பியைப் புரட்டினால் மூன்றாவது பிரிவு கிட்டத்தட்ட வெறுமையாகக் கிடந்தது. இரண்டு வருடமாக நாங்கள் ஓட்டப் பயிற்சியைத்தான் கூட்டிக்கொண்டு வந்திருந்தோம்.

கொப்பியையும் வீடியோவையும் சேர்த்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. எண்ணிக்கை ஐந்துவரை எங்கள் மார்க் ஒழுங்காக நிற்கிறார். ஆறு, ஏழு வந்ததும் தட்டைப் பறித்துவிடலாம் என்ற ஆசை வந்துவிடுகிறது. எறிகிறவனுக்கும் அப்போதுதான் அவசரம் தொடங்குகிறது. உடம்புக்குக் குறுக்கால் கையைக் கொண்டுபோய் எறியும் பாக்ஹான்ட் எறிவதுபோல் தோளை ஆட்டுகிறான். எங்கள் ஆள் அந்தப் பக்கம் பாய்கிறான். இந்தப் பக்கம், மணிக்கட்டைச் சுண்டி எறியும் பிளிக் ஒன்று காற்றோடு போய்விடுகிறது. மார்க் முழுக்கக் காலால் செய்கிற வேலை, இவர்கள் அதைக் கையால் செய்துகொண்டிருந்தார்கள்.

அதற்கு ஒரு பயிற்சி வைத்தோம். மார்க்காக நிற்பவர் இரண்டு கையிலும் இரண்டு சிரட்டை வைத்திருக்க வேண்டும். கை விரித்து நிற்கலாம், தட்டைப் பிடிக்கவோ தட்டவோ முடியாது. எறிகிறவர் பூட்டிய பக்கத்தில் நிற்கும் ஆளுக்கு எப்படியாவது பாஸ் கொடுக்க வேண்டும். மார்க் செய்யக்கூடியது ஒன்றுதான்: சின்னச் சின்ன அடியாக நகர்ந்து எறிகிறவரின் இடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பது. தோள் பொய் சொல்லும், இடுப்பு அவ்வளவு சுலபத்தில் சொல்லாது. முதல் நாள் எல்லோரும் சிரட்டையைத் தட்டிச் சிரித்தார்கள். இரண்டாம் கிழமை யாரும் சிரிக்கவில்லை, தொடைகள் நொந்தன.

இரண்டாவது பிரிவுதான் கடினமாக இருந்தது. மார்க்குக்கு முதுகுப் பக்கம் நடப்பது தெரியாது. பின்னால் நிற்பவர்தான் சொல்ல வேண்டும். "சுத்தி!" என்றால் பூட்டிய பக்கத்தால் சுற்றி எறியப் பார்க்கிறான், "உள்ளுக்கை!" என்றால் மார்க்குக்கும் திறந்த பக்கத்துக்கும் இடையால், "மேலை!" என்றால் தட்டு காற்றில் ஏறிவிட்டது, எல்லோரும் திரும்பிப் பார். சொற்கள் மூன்றே மூன்று. ஆனாலும் வாயைத் திறக்க வெட்கம். பெடியளும் பிள்ளைகளும் ஒரே மைதானத்தில் நிற்கும்போது, முதலாம் வருடப் பிள்ளை இறுதி வருட அண்ணையைப் பார்த்து "இடது காலை எடுங்கோ!" என்று கத்துவது எங்கள் ஊரில் சும்மா காரியமில்லை. "எடுங்கோ" என்று மரியாதையோடு சொல்லி முடிப்பதற்குள் பாஸ் போய்விடும். கடைசியில் கப்டனே ஒரு நாள் சொன்னாள்: "மைதானத்துக்குள்ளை அண்ணை, அக்கா இல்லை. எடு, விடு, திரும்பு. வெளியிலை வந்து மன்னிப்புக் கேளுங்கோ." கதைக்காத பக்கம் தண்ணி அள்ளி வர வேண்டும் என்று நான் ஒரு சட்டமும் சேர்த்தேன். கிணறு கொஞ்சம் தூரம். பலன் இருந்தது.

கிளித்தட்டு

மார்க் திருந்தினாலும் சோளகத்தில் ஆளுக்கு ஆள் காப்பது மட்டும் போதவில்லை. அது ஒரு வகையில் வாய்ப்பை வீணாக்குவதும்கூட. எதிர்காற்றில் எறிந்த தட்டு மேலே தூக்கி மிதந்து நின்றுவிடும். பின்காற்றில் எறிந்தது தாங்கலில்லாமல் பொத்தென்று இறங்கும். ஆகவே எதிர்காற்றில் தாக்கும் அணியிடம் நிறையப் பாஸ் எறிய வைத்தாலே போதும், அவர்களாகவே தட்டை விடுவார்கள். அதற்குத்தான் ஸோன் என்ற முறை. மூன்று பேர் தட்டைச் சுற்றிக் கிண்ணம்போல் நிற்பார்கள், அது கப். அவர்களுக்குப் பின்னால் நடுவில் ஒருவர், இரண்டு பக்கமும் ஒவ்வொருவர், கடைசியில் ஆழத்தில் ஒருவர். ஆளைக் காப்பதில்லை, இடத்தைக் காப்பது.

இதைப் பலகையில் கீறிக் காட்டினேன். ஒருவருக்கும் ஏறவில்லை. நெல்லியடிப் பெடியன் ஒருவன்தான் கேட்டான்: "அண்ணை, இது கிளித்தட்டுத்தானே?"

கிளித்தட்டை அறியாதவர்கள் இங்கே இல்லை. நிலத்தில் பெட்டி பெட்டியாகக் கோடு. ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஒருவர் நின்று மறிப்பார். கிளி மட்டும் நடுக்கோட்டாலும் ஓடித் திரியும். மறிப்பவர் தன் கோட்டை விட்டு இறங்க முடியாது. யார் வருகிறார்கள் என்பது அவருக்கு முக்கியமில்லை, எந்த வழியால் வருகிறார்கள் என்பதே கவலை. பெடியன் சொன்னதும் பத்து நிமிடத்தில் ஏழு பேரும் தங்கள் இடத்தில் நின்றார்கள். என் மூன்று கிழமைப் பலகை வேலையை அவன் ஒரு சொல்லில் முடித்துவிட்டான் என்று அன்றைக்குச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

சந்தோஷம் வியாழக்கிழமைவரைதான் நின்றது. கிளித்தட்டுக்காரர் கோட்டில் நிற்பதுபோலவே இவர்களும் நின்ற இடத்தில் நின்றார்கள். தட்டு றோட்டுப் பக்கத்திலிருந்து மதில் பக்கம் போனால் கப் மூன்று பேரும் ஓடிப் போய் அங்கே மறுபடி கிண்ணம் கட்ட வேண்டும். இவர்கள் "அது என்ரை கோடு இல்லை" என்ற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் ஆடிய எங்கள் இரண்டாம் ஏழு பேர் இரண்டு பாஸில் தட்டைக் குறுக்கே மாற்றி, மூன்றாவதில் கோல் போட்டார்கள். திரும்பத் திரும்ப இதே கதை. எந்த உவமையால் விளங்கியதோ அதே உவமை காலைக் கட்டிப் போட்டது.

அப்புறம் கயிறு கொண்டுவந்தேன். வேலி கட்டுகிற நைலோன் கயிறு. மூன்று மீற்றர் துண்டாக இரண்டு வெட்டி, கப் மூன்று பேரையும் இடுப்பில் கோத்துவிட்டேன். நடுவில் நிற்பவர் நகர்ந்தால் மற்ற இருவரும் இழுபட வேண்டும். முதலில் இரண்டு பேர் விழுந்தார்கள், ஒருவன் முழங்காலைத் தோலுரித்துக்கொண்டான். நாலாம் நாள் கயிறு தொய்யாமல், இறுகாமல் மூன்று பேரும் ஒரே ஆள்போல் மைதானத்தைக் குறுக்கே கடந்ததைப் பார்த்தபோது மீன்காரர் கரைவலை இழுப்பது ஞாபகம் வந்தது.

மூன்று மீற்றர் என்ற அளவுக்கும் காரணம் இருந்தது. தட்டு வைத்திருப்பவருக்கு மூன்று மீற்றருக்குள் மார்க்கைத் தவிர இன்னொரு தடுப்பாளர் சும்மா வந்து நிற்கக் கூடாது. வேறொரு எதிராளியை அந்த இடத்தில் காத்துக்கொண்டிருந்தால் மட்டும் நிற்கலாம். பிழை நடந்தால் 'டபிள் டீம்' என்று கூப்பிடுவார்கள், எண்ணிக்கை ஒன்று குறையும். கப் கட்டும் அணிகள் அதிகம் மாட்டுவது இதில்தான். அதேபோல் மார்க்குக்கும் எறிகிறவருக்கும் இடையே குறைந்தது ஒரு தட்டின் அகலமாவது இருக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இன்னொரு வியாதியும் இருந்தது: தமிழில் எண்ணும்போது "ஒண்டுரெண்டுமூண்டு" என்று ஒரே மூச்சில் போய்விடும். ஒவ்வோர் எண்ணுக்கும் இடையில் ஒரு வினாடி விட வேண்டும். கொழும்பு அணி அதைக் கூப்பிட்டபோது எங்கள் பெடியன் சண்டைக்குப் போகாமல் "சொறி" சொல்லி எண்ணைக் குறைத்தான். அன்றைய ஆட்டத்தில் நான் பெருமைப்பட்ட ஒரே இடம் அது.

கடைசியில் ஆழத்தில் நிற்பதற்குப் பள்ளிக் காலத்தில் வலைப்பந்தில் கோல் கீப்பராக ஆடிய பிள்ளையைப் போட்டேன். உயரமான பெடியன் ஒருவன் இருந்தான். ஆனால் அவன் தட்டு இறங்கும் இடத்துக்கு ஓடுவான். அவள் தட்டு இறங்கப்போகும் இடத்தில் நிற்பாள்.

காற்றைப் பற்றிச் சொல்லித் தந்தவன் வல்வெட்டித்துறைக்காரன். தைப்பொங்கலுக்குப் பட்டம் விடுகிற ஊர். முன்பு நான் காற்று எந்தப் பக்கம் என்று மட்டும் பார்ப்பேன். அவன் நூலைப் பிடித்து வளர்ந்தவன். "காத்து விட்டு விட்டுத்தான் வரும் அண்ணை. ஓயிற நேரம் பாத்துத்தான் அவங்கள் நீட்டாய் எறிவாங்கள்" என்றான். கவனித்தால் அப்படியே இருந்தது. நல்ல எறிகாரர் எண்ணிக்கை ஏழு, எட்டுவரை காத்திருந்து காற்று தணிகிற கணத்தில் நீளமாக விடுகிறார்கள். அன்றிலிருந்து காற்று ஓய்ந்தால் "ஓயுது!" என்று அவன் கத்துவான், ஆழத்தில் நிற்பவள் பத்தடி பின்னால் போவாள். எந்தப் பயிற்சிக் குறிப்பிலும் இந்தக் கூப்பாட்டை நான் கண்டதில்லை.

கொழும்பில்

ஆவணி கடைசியில் அதே அணியின் மைதானத்துக்குப் போனோம். இரவு பஸ், காலையில் பிளேன்ரீயும் ரோல்ஸும், எட்டரைக்கு ஆட்டம். ஃபோர்ஸ் பக்கத்தைத் தீர்மானிக்க வட்டமாகக் கூடியபோது ஒரு பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணை, இங்கை மதில் எங்கை?" மதிலும் இல்லை, றோட்டும் இல்லை. ஒரு பக்கம் வாகைமரம், மறுபக்கம் நாங்கள் வந்த பஸ். 'மரம்', 'பஸ்' என்று வைத்துக்கொண்டோம். முதல் பத்து நிமிடம் பாதிப் பேர் மதில் என்றே கத்தினார்கள். நாலு கோல் போனது.

நாணயத்துக்குப் பதிலாகத் தட்டைச் சுண்டித்தான் முதல் தெரிவு. எங்களுக்கு விழுந்தது. வல்வெட்டித்துறைக்காரன் புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் தெரிவு செய்யச் சொன்னான். அவர்கள் எதிர்காற்றில் தாக்கும்படி. அந்தப் பக்கத்தில் கப் நன்றாக வேலை செய்தது. ஒரு தடவை அவர்கள் இருபதுக்கு மேற்பட்ட பாஸ் எறிந்தும் நடுக்கோட்டைத் தாண்டவில்லை; கடைசியில் மிதந்து நின்ற ஒன்றைக் கோல் கீப்பர் பிள்ளை கையை உயர்த்தி மரத்திலிருந்து மாங்காய் பிடுங்குவதுபோல் எடுத்தாள். காற்று எங்களுக்கு எதிராக இருந்த பக்கத்தில் நாங்கள் தட்டை விட்ட இடமெல்லாம் அவர்களுக்கு லாபமாகப் போனது. தடுப்பாட்டத்தைத் திருத்திய மும்முரத்தில் எதிர்காற்றில் எறிந்து பழகவே இல்லை. அது என் பிழை.

15க்கு 11. தோல்விதான்.

பத்து மணி தாண்டியதும் காற்று நன்றாகத் தணிந்துவிட்டது. அவர்களுடைய எறிகாரி ஒருத்தி தட்டைத் தலைக்கு மேலால் கவிழ்த்து எறியும் ஹமரால் எங்கள் கப்பைத் தாண்டி இரண்டு கோல் போட்டுக் கொடுத்தாள். ஆளுக்கு ஆள் முறைக்கு மாறினோம். கடைசிக் கோலுக்கு முன் மார்க்காக நின்றவள் ஆனி மாதத்தில் மூலையில் குனிந்து நின்ற அதே பிள்ளை. ஆறு, ஏழு, எட்டு. எறிகாரி தோளை ஆட்டினாள், இவள் அசையவில்லை. பின்னாலிருந்து யாரோ "சுத்தி!" என்றார்கள், அரை அடி நகர்ந்தாள். எறிகாரி பின்னுக்கு ஒரு சின்னப் பாஸ் கொடுத்துத் தப்பினாள், அங்கே மறிக்க வேண்டிய எங்கள் பெடியன் கை நீட்டிப் பாய்ந்தான். அடுத்த பாஸ் கோல்.

அவன் திரும்பி வரும்போதே தலையில் தட்டிக்கொண்டு வந்தான். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கொப்பிக்காரி எழுதிவிட்டு மூடினாள்.

இப்போது ஐப்பசி. மைதானத்தில் கணுக்கால் அளவு தண்ணி நிற்கிறது. சைக்கிள் கொட்டகைக்குள் செவ்வாயும் வியாழனும் சிரட்டைப் பயிற்சி மட்டும் நடக்கிறது, அந்தப் பெடியனுக்கு ஒவ்வொரு நாளும் இரண்டு முறை.